நீரிழிவுப் பராமரிப்பில் மருந்தாளுநர்: ஆய்ந்து முடிவெடுக்கும் திறனை அளப்பது எவ்வாறு?

நாட்டில் நீரிழிவு நோயுடன் வாழ்வோரின் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் 2008ஆம் ஆண்டு முதல் 2020 வரை மாநிலந்தோறும் 1,13,000 பேரிடம் நடத்தப்பட்டு, 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வு இத்தொகையை 10.1 கோடி என மதிப்பிட்டது. இது வயது வந்தோரில் 11.4 சதவீதமாகும். நோயின் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடிப் பேர். அதே ஆய்வுத் தொடரின் மற்றொரு கணக்கு இதனினும் கவலைக்குரியது. தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்களிலும் ஏறத்தாழ 36 சதவீதத்தினரே இரத்தச் சர்க்கரையை விரும்பத்தக்க அளவில் வைத்திருந்தனர்.

மருந்து கிடைக்காமையே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. முதன்மை மாத்திரையாகிய மெட்பார்மின் விலை குறைந்தது. சிற்றூர்க் கடைகளிலும் கிடைப்பது. 15,000க்கும் அதிகமான ஜன் ஔஷதி மருந்தகங்கள் அதனை மேலும் மலிவாக வழங்குகின்றன. புதிய வகை மாத்திரைகளான டாபாகிளிப்ளோசினும் எம்பாகிளிப்ளோசினும் முறையே 2020இலும் 2025இலும் காப்புரிமை நீங்கியதும் பெருமளவில் விலை இறங்கின. இன்சுலினைப் பொறுத்தவரை பெங்களூரு நகரே அதன் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. 1978இல் அங்குத் தொடங்கப்பட்ட பயோகான் நிறுவனம் 2004இல் மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் கிளார்ஜின் வகை இன்சுலின் 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஏற்பையும் பெற்றது.

உற்பத்தியில் இவ்வளவு முன்னேறிய நகரத்தின் தெருமுனைக் கடை ஒன்றில், இன்சுலின் குப்பிக்குப் பொருந்தாத சிரிஞ்சு விற்கப்படுமானால் நிகழ்வது என்ன? நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். பேனாவில் பொருத்தும் இன்சுலின் 100 அலகு கொண்டது. அவ்வலிமையுள்ள இன்சுலின் குப்பியிலும் கிடைக்கிறது. 100 அலகுக்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 40 என்ற கோடு வரை மருந்தெடுத்தால், உடலில் சேர்வது 16 அலகு மட்டுமே. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் சேர்வது 100 அலகு; இதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இரண்டிலும் பிழை இரண்டரை மடங்கு. மருத்துவரின் சீட்டிலோ தொழிற்சாலையிலோ பிழையில்லை. பிழை நுழைவதும், தடுக்கப்படக்கூடியதும் கடையில் பொருள் கைமாறும் இடத்தில்தான்.

நீரிழிவு நோயாளர் மருத்துவரைக் காண்பது மூன்று மாதத்திற்கோ ஆறு மாதத்திற்கோ ஒருமுறை. மருந்துக்கடைக்குச் செல்வதோ மாதந்தோறும். பலர் பத்து நாளைக்கு ஒருமுறை. ஆகவே நோயின் போக்கில் ஏற்படும் மாறுதலை முதலில் கேட்கக்கூடியவர் மருந்தாளுநரே. அவர் கேட்கிறாரா, கேட்டதைக் கொண்டு சரியான முடிவுக்கு வருகிறாரா என்பதை அளந்து காணும் முறை பற்றியதே இக்கட்டுரை.

சட்டம் எதிர்பார்ப்பது

மருந்தாளுநர் தொழில் நம் நாட்டில் ஒழுங்குபட்ட வரலாறு நீண்டதன்று. கர்னல் சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930-31இல் நாட்டின் மருந்து விற்பனையை ஆராய்ந்தது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் கல்வி தொடங்கியது. 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. தொடக்கம் முதலே இக்கல்வியின் நாட்டம் மருந்து தயாரிப்பை நோக்கியதாக இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குத் தொழிற்சாலைகள் தேவைப்பட்டன. அந்தத் தேவை நிறைவேறியதும் உண்மை. ஆனால் நோயாளர் எதிரே நிற்கும் மருந்தாளுநரைப் பற்றிய சிந்தனை பிற்பட்டே எழுந்தது. மருத்துவமனை வார்டுகளில் மாணவரைப் பயிற்றும் முதுகலைப் படிப்பு 1990களின் பிற்பாதியில் மைசூரிலும் உதகமண்டலத்திலும் வேர்கொண்டது. ஆறாண்டு கால மருந்தியல் முனைவர் படிப்பு 2008இல்தான் வந்தது.

2015இல் இந்திய மருந்தாளுநர் மன்றம் வெளியிட்ட தொழில்நடைமுறை ஒழுங்குவிதிகள், சீட்டைச் சரிபார்ப்பதையும் நோயாளருக்கு விளக்கம் கூறுவதையும் மருந்தாளுநரின் கடமையாக்கின. ஒரே மருந்து இருமுறை எழுதப்பட்டுள்ளதா, நோய்க்கும் மருந்துக்கும் முரண் உள்ளதா, மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, அளவு சரியா என்பனவெல்லாம் அவர் காண வேண்டியவை. அதே வேளையில், சீட்டில் உள்ள மருந்தை மருத்துவரின் இசைவின்றி மாற்றித்தர மருந்து விதிகள் அவரை அனுமதிப்பதில்லை. எனவே அவருக்கு எஞ்சும் முடிவுகள் சில: கொடுப்பது, மேலும் கேட்பது, மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பது, நோயாளரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது. எளியவை போலத் தோன்றும் இவற்றுள் எதனை எப்போது தேர்வது என்பதே திறன்.

அறிவும் ஆய்வும்

தேர்வுக்கென அமைக்கத்தக்க ஒரு நிகழ்வைக் காண்போம். 68 வயதுப் பெண்மணி ஒருவர் எட்டாண்டுகளாக கிளிமெபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை உட்கொண்டு வருகிறார். அவருடைய மகன் கடைக்கு வருகிறார். கையில் உள்ளது வேறொரு மருத்துவமனையில் பெற்ற புதிய சீட்டு. அதிலுள்ள வணிகப் பெயர் புதியது. உள்ளடக்கம் கிளிமெபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ் ஆகிய மூன்று. ஒரு பட்டை பழைய மாத்திரையும் வேண்டுமென்கிறார். தாயின் பல்வலிக்கு ஒரு மாத்திரையும் கேட்கிறார். பணம் எடுக்கும்போது, "அம்மாவுக்குச் சாயங்காலத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, சர்க்கரை ஏறிவிட்டது போலிருக்கிறது" என்று சொல்கிறார்.

கிளிமெபிரைடு எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்டால் பட்டயம் பெற்றவர் எவரும் விடை சொல்வார். ஆனால் இங்கே தேவைப்படுவது வேறு. இரு வணிகப் பெயர்களுக்குள்ளும் ஒரே மருந்து ஒளிந்திருக்கிறது என்பது முதலில் தென்பட வேண்டும். வியர்வை, சர்க்கரை ஏறியதைவிட இறங்கியதற்கே பெரிதும் உரிய குறி என்பது அடுத்து நினைவுக்கு வர வேண்டும். பல்வலியுள்ளவர் வழக்கம்போல் உண்பாரா? உண்ணாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால் சர்க்கரை இறங்கும். பல்வலிக்கு ஏற்கெனவே வலிநிவாரணி எதுவும் சில வாரங்களாக உட்கொள்கிறாரா? சிறுநீரகம் தளர்ந்திருக்குமாயின் அம்மாத்திரையால் அது மேலும் தளரலாம். கிளிமெபிரைடின் செயல் நீடிக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு புரோப்ரனலால் போன்ற மருந்து உட்கொள்பவராயின் கைநடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆகவே மகன் தற்செயலாகச் சொன்ன அந்த ஒரு குறியே கிடைக்கக்கூடிய ஒரே எச்சரிக்கையாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று உண்டு. வோக்லிபோஸ், குடலில் சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பது. அதை உட்கொள்பவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் வீட்டில் உள்ள சீனியோ வெல்லமோ விரைந்து பயன்தராது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். சில ரூபாய்ப் பொட்டலம் அது. புதிய சீட்டோடு அதனையும் வாங்கி வைக்கச் சொல்லும் மருந்தாளுநர், வோக்லிபோஸ் செயல்படும் விதத்தை ஒரு வீட்டின் சமையலறையோடு பொருத்திப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

இத்தனையும் நான்கு நிமிடத்தில் நடக்க வேண்டும், பின்னால் வரிசை நிற்கும்போது. நல்ல முடிவு என்பது, இரு மாத்திரைகளையும் சேர்த்துத் தராமல் நிறுத்திவைப்பது. வியர்க்கும் வேளையில் சர்க்கரை அளவைச் சோதிக்கச் சொல்வது. சீட்டு எழுதிய மருத்துவரை அழைத்துப் பேசுவது. பேச்சில் குழப்பமோ மயக்கமோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவது. மருந்தின் அளவைத் தாமே குறைத்துவிடுவது நல்ல முடிவு ஆகாது. சட்டமும் அதற்கு இடந்தராது.

அளக்கும் முறைகள்

இத்தகைய திறனை எழுத்துத் தேர்வால் அளப்பது அரிது என்பதை மருத்துவக் கல்வியாளர் நெடுங்காலமாக அறிவர். 1990இல் ஜார்ஜ் மில்லர் இதனை நான்கு படிகளாக வகுத்தார். அறிந்திருத்தல், எவ்வாறு என அறிந்திருத்தல், செய்து காட்டுதல், நடைமுறையில் செய்தல் என்பன அவை. நம் தேர்வுகளில் மிகப் பெரும்பாலானவை முதற்படியில் நின்றுவிடுகின்றன.

அதற்கு முன்பே, 1978இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்ஸ்டைனும் உடன்பணியாற்றியோரும் மருத்துவர் சிந்திக்கும் முறையை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். தேர்ந்தவர்கள் தகவல் முழுவதையும் திரட்டிய பின் சிந்திப்பதில்லை. முதற்சில நிமிடங்களிலேயே சில கருதுகோள்களை அமைத்துக்கொண்டு அவற்றைச் சோதிக்கின்றனர் என்பது அவர்கள் கண்ட ஒன்று. ஒரு நோய்நிலையில் சிறப்பாக முடிவெடுத்தவர் மற்றொன்றில் அவ்வாறே செய்வார் என்பதற்கு உறுதியில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது முடிபு, தேர்வு நடத்துவோர்க்கு மிகுந்த தொல்லை தருவது. இன்சுலின் பற்றிய ஒரே நிகழ்வைக் கொடுத்து ஒரு மருந்தாளுநரை எடைபோட முடியாது. பல நிகழ்வுகள் வேண்டும். அவை பல வகையினவாகவும் இருத்தல் வேண்டும்.

இத்தேவையை ஈடுசெய்யக் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பெர்னார்டு சார்லினும் குழுவினரும் 1990களின் இறுதியில் வகுத்த முறை பயனுள்ளது. அதனை ஒப்புநோக்குத் தேர்வு என்று கூறலாம். ஒரு நிகழ்வு தரப்படும்; ஒரு கருதுகோள் சொல்லப்படும்; பின்னர் ஒரு புதிய செய்தி சேர்க்கப்படும். அச்செய்தியால் கருதுகோள் வலுப்பெறுகிறதா, தளர்கிறதா, மாறாதிருக்கிறதா என்பதை -2 முதல் +2 வரையுள்ள ஐந்து நிலைகளுள் ஒன்றால் குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பாதத்தில் எரிச்சல் என்று கூறி நரம்புச் சத்து மாத்திரை கேட்டு வருகிறார் ஒரு நீரிழிவு நோயாளர். இது வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம் என்று மருந்தாளுநர் எண்ணுகிறார். விசாரித்ததில், அவர் பத்தாண்டுகளாக மெட்பார்மின் உட்கொள்பவர் என்றும், மரக்கறி உணவினர், பாலும் அரிதாகவே அருந்துபவர் என்றும் தெரிகிறது. கருதுகோள் என்னவாகிறது? மெட்பார்மினை நெடுநாள் உட்கொள்வோர்க்கு பி12 குறையக்கூடும்; ஆயினும் நீரிழிவாலேயே நரம்பு கெட்டிருக்கவும் கூடும். ஆகவே ஒரே விடைதான் சரி என்று கூற முடியாது.

இங்குதான் இம்முறையின் நுட்பம் உள்ளது. விடைத்தாளைத் திருத்துவது, அத்துறையில் தேர்ந்த சிலர் அடங்கிய குழுவின் விடைகளைக் கொண்டு. 15 பேர் கொண்ட குழுவில் 9 பேர் +1 என்றும், 5 பேர் +2 என்றும், ஒருவர் 0 என்றும் குறித்தனர் எனக் கொள்வோம். மிகுதியானோர் தேர்ந்த +1க்கு முழு மதிப்பெண் 1. +2 குறித்தவர்க்கு 5ஐ 9ஆல் வகுத்து 0.56. 0 குறித்தவர்க்கு 0.11. -1 அல்லது -2 குறித்தவர்க்கு ஒன்றுமில்லை. தேர்ந்தவர்களே கருத்து வேறுபடும் இடத்தில், அவ்வேறுபாட்டையே அளவுகோலாக்கிக்கொள்வது இம்முறை. ஏறத்தாழ 25 நிகழ்வுகளும் ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகளும் இருந்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் நம்பத்தக்க மதிப்பீடு கிடைக்கிறது. செலவும் குறைவு.

குறைகளும் உள. ஐந்து நிலைகளின் இரு கோடிகளைத் தவிர்த்து நடுவிலேயே குறித்துச் செல்பவர், சிந்திக்காமலேயே ஓரளவு மதிப்பெண் பெற்றுவிட முடியும் என்பது மேனாட்டு ஆய்வுகளில் சுட்டப்பட்டுள்ளது. இதனைவிட நம் நாட்டுக்குப் பொருந்தும் குறை, குழுவில் அமர்வோர் யார் என்பதே. பேராசிரியர்கள் மட்டும் அமர்ந்தால், மருத்துவமனைக் கோப்பு கையில் உள்ளவரின் சிந்தனை அளவுகோலாகும். கடையில் இருபதாண்டு பணியாற்றிய பதிவுபெற்ற மருந்தாளுநர்கள் பாதிப் பேராவது இருப்பது முறை.

மற்றொரு முறை 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் வகுத்தது. தேர்வு எழுதுவோர் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குச் சென்று, ஒவ்வொன்றிலும் நோயாளராக நடிப்பவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். செய்து காட்டுதல் என்னும் மூன்றாம் படியை இது தொடுகிறது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் தயக்கம் எழும். பத்து நிலையங்கள், நிலையத்துக்குப் பத்து நிமிடம் எனில், ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். 60 பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு ஆறு சுற்றுகள்; அதாவது பத்து மணி நேரம், பத்துத் தேர்வாளர்கள், பத்து நடிப்பாளர்கள். ஆண்டுதோறும் பல்லாயிரவர் பட்டயம் பெறும் நாட்டில் இது எல்லோருக்கும் இயலாது. சிலரை மாதிரியாகத் தேர்ந்து அளப்பதற்கும், ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கும் இதனை வைத்துக்கொள்ளலாம்.

கடையில் நிகழ்வது

நான்காம் படியை, அதாவது உண்மையில் கடையில் நடப்பதை, அளக்க ஒரே வழிதான் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவரை வாடிக்கையாளர்போல் அனுப்பி, நிகழ்ந்ததைப் பதிவு செய்வது அது. நம் நாட்டில் இம்முறையின் பயனைக் காட்டிய ஆய்வு, நீரிழிவு பற்றியதன்று, காசநோய் பற்றியது. டில்லி, மும்பை, பாட்னா நகரங்களில் 622 மருந்துக்கடைகளில் 1,200 சந்திப்புகள் பதிவாயின. முடிவுகள் 2016இல் வெளிவந்தன. சில வார இருமலும் காய்ச்சலும் என்று கூறி வெறுங்கையோடு சென்றவரைக் கடைக்காரர்கள் முறையாக நடத்தியது 13 சதவீதச் சந்திப்புகளில் மட்டுமே. காசநோயை உறுதிசெய்த ஆய்வுக்கூட அறிக்கையைக் கையில் கொண்டு சென்றவரை முறையாக நடத்தியது 62 சதவீதத்தில். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை விற்றதும் 37 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைந்தது.

கடைகள் அவையே, அங்கு நிற்போரும் அவர்களே. ஒரு தாள் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவே. மருந்தாளுநருக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று கூறுவோர் இவ்வெண்களை ஒருமுறை பார்ப்பது நன்று. நீரிழிவு நோயாளரின் சீட்டில் மருந்தின் பெயர் உண்டு. நோயின் நிலை இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. அளவு இல்லை. சிறுநீரகம் வடிகட்டும் திறன் இல்லை. அத்திறன் 30க்குக் கீழே இருந்தால் மெட்பார்மின் கூடாது. 45க்குக் கீழ் இறங்கினால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். இவ்விதி மருந்தாளுநருக்குத் தெரிந்திருந்தும், எண் தெரியாதபோது விதியால் யாருக்குப் பயன்? ஆகவே எந்த மதிப்பீட்டிலும் பாதி நிகழ்வுகளை அறிக்கையோடும் பாதியை அறிக்கையின்றியும் அமைப்பது இன்றியமையாதது. முதல் பாதியில் நன்றாகவும் இரண்டாம் பாதியில் மோசமாகவும் செய்பவருக்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. நோயாளரிடம் "அறிக்கை இருக்கிறதா" என்று கேட்கும் பழக்கமும், அதனைக் கொண்டுவரும் நோயாளரும் தேவை. இரண்டிலும் மோசமாகச் செய்பவருக்கே வகுப்பு.

இத்தகைய மறைமுகச் சோதனை, அறநெறிக் குழுவின் ஒப்புதலின்றி நடத்தத்தக்கதன்று. கடையின் பெயர் வெளிவரக்கூடாது. மருந்து ஆய்வாளரின் பணியோடு இதனைக் கலப்பது பெருந்தவறாகும். தண்டனைக்கு அஞ்சுபவர் சீட்டில்லாதவரைத் திருப்பி அனுப்பக் கற்றுக்கொள்வாரே தவிர, சிந்திக்கக் கற்றுக்கொள்ள மாட்டார். விடை சொன்னவர் பதிவுபெற்ற மருந்தாளுநரா, கடை உதவியாளரா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உதவியாளரின் விடையைக் கொண்டு மருந்தாளுநர் கல்வியைக் குறைகூறுவது நியாயமாகாது.

பெங்களூருவின் நிலை

இம்மதிப்பீட்டைத் தொடங்குவதற்குப் பெங்களூரு பொருத்தமான நகரம். 1996இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் அது. சுப்பையா வட்டத்தருகே அரசு மருந்தியல் கல்லூரி இருக்கிறது. நீரிழிவுக்கெனவே அரசு ஏற்படுத்திய கர்நாடக அகச்சுரப்பியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு முதல் விக்டோரியா மருத்துவமனை இயங்கி வருகிறது. நிகழ்வுகளைத் தொகுக்கவும், தேர்ந்தோர் குழுவை அமைக்கவும் வெளியூரை நாட வேண்டியதில்லை.

ஆனால் நிகழ்வுகளை மேனாட்டு நூல்களிலிருந்து எடுத்து எழுதிவிட முடியாது. அல்சூரில் தமிழும், சிவாஜி நகரில் உருதும், மல்லேசுவரத்தில் கன்னடமும் பேசுவோர் கடைக்கு வருகின்றனர். "தலைசுற்றல்" என்று தமிழர் கூறுவதைக் கன்னடர் "தலெ சுத்து" என்பார். உருது பேசுபவர் "சக்கர்" என்பார். மூன்றும் சர்க்கரை இறங்கியதைக் குறிக்கலாம். இரத்த அழுத்தம் தாழ்ந்ததைக் குறிக்கலாம். காதின் உட்புறக் கோளாறையும் குறிக்கலாம். கன்னடத்தில் கேட்டுத் தெளிந்து முடிவெடுக்கும் மருந்தாளுநர், ஆங்கில வினாத்தாளில் தடுமாறுவாராயின் அளக்கப்படுவது அவருடைய ஆங்கிலம்.

எலக்ட்ரானிக் சிட்டியில் இரவுப் பணி செய்பவர், "காலை உணவுக்கு முன்" என்று எழுதப்பட்ட மாத்திரையை எப்போது உட்கொள்வது? அவர் காலையில் உறங்கச் செல்பவர். முதல் பெரிய உணவு மாலையில். சீட்டில் உள்ளபடியே கிளிமெபிரைடை விழுங்கிப் படுத்தால், உறக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். பீன்யாவில் முறை மாறி மாறி வேலை பார்க்கும் தொழிலாளருக்கு இச்சிக்கல் வாரந்தோறும் மாறும். ரமலான் நோன்பிருப்பவர், ஏகாதசி விரதம் இருப்பவர் ஆகியோரைப் பற்றிய நிகழ்வுகளும் அவ்வாறே சேர்க்கப்பட வேண்டியவை. எம்பாகிளிப்ளோசின் போன்ற மருந்தை உட்கொள்பவர் உணவும் நீரும் குறைந்த நிலையில் வாந்தியும் வயிற்றுவலியுமாக வந்தால், சர்க்கரை அளவு அவ்வளவாக உயராதபோதும் இரத்தத்தில் அமிலம் மிகுந்திருக்கலாம். குளுக்கோமீட்டரில் தெரியும் எண்ணைக் கண்டு ஆறுதல் அடைபவர் இங்கே தவறிவிடுவார்.

ராகி முத்தே எவ்வளவு உண்டாலும் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை நகரெங்கும் பரவலாக உண்டு. ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பது மெய்தான். மாவுச்சத்து அரிசியினின்று பெரிதும் குறைந்ததன்று. மாத்திரை மாறாமல், நடை குறையாமல், சர்க்கரை மட்டும் ஏறியதாகக் கூறும் ஒருவரிடம் உணவைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறதா என்பதும் ஒரு நல்ல கேள்வியே. மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறதா என்பது அதனினும் நல்ல கேள்வி.

தேர்வும் பயிற்சியும்

பட்டயம் பெற்றவர் பதிவு பெறுவதற்கு முன் வெளியேறும் தேர்வு ஒன்றில் வெற்றிபெற வேண்டும் என்று 2022இல் ஒழுங்குவிதி வந்தது. அத்தேர்வு 2024 அக்டோபரில் முதன்முறையாக நடத்தப்பட்டது. மூன்று தாள்கள், தாள்தோறும் 50 சதவீதம் பெற வேண்டும், கேள்விகள் யாவும் பல விடைகளுள் ஒன்றைத் தேரும் வகை. தரமற்ற நிறுவனங்களின் பட்டயங்களை வடிகட்ட இத்தேர்வு பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே கூறிய 68 வயதுப் பெண்மணியின் மகனுக்கு விடை சொல்லக்கூடியவர் யார் என்பதை அது காட்டாது. தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டாமலே இதனைத் திருத்த முடியும். மருத்துவமனை மருந்தியலும் சிகிச்சை மருந்தியலும் அடங்கிய பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக் கேள்விகளை ஒப்புநோக்கு வகையில் அமைக்கலாம். கணினியிலேயே திருத்த இயலும் என்பதால் கூடுதல் செலவு பெரும்பாலும் குழுவினரைக் கூட்டி விடை பெறுவதற்கு மட்டுமே ஆகும்.

பயிற்சிக்கான காலம் ஏற்கெனவே விதிகளில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் பட்டயக் கல்வி ஒழுங்குவிதிகளும், அதற்கு முன்பிருந்த 1991ஆம் ஆண்டு விதிகளும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேர நேரடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளன. அம்மணிகள் மருந்து அடுக்குவதிலும் பில் போடுவதிலும் கழிவது பல இடங்களில் காணப்படும் வழக்கம். அவற்றுள் 20 மணி நேரத்தைப் பிரித்து, மாணவர் தாம் கண்ட பத்து நீரிழிவு நோயாளர் பற்றிப் பெயரின்றிக் குறிப்பெழுதச் செய்யலாம். நோயாளர் சொன்னது என்ன, மாணவர் கேட்டது என்ன, முதலில் எண்ணியது என்ன, எந்தச் செய்தியால் எண்ணம் மாறியது, இறுதியில் செய்தது என்ன என்ற ஐந்தே வரிகள் போதும். தம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிவுசெய்யும் முறை ஆஸ்திரேலியாவின் சமுதாய மருந்தாளுநர்களிடம் ஆராய்ந்து பார்க்கப்பட்ட ஒன்றே. இங்கு அது நோட்டுப் புத்தக அளவில் சுருங்கும்.

பணியில் உள்ளவர்களைப் பொறுத்தவரை பொருளாதாரக் கேள்வி ஒன்று குறுக்கே நிற்கிறது. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் 1990களின் பிற்பாதியில், நகராட்சி ஊழியர்களுள் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆலோசனை கூறும் பணி சமுதாய மருந்தாளுநர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயாளரின் சர்க்கரை அளவு சீர்பட்டது, நோய்விடுப்பு குறைந்தது. அவ்வெற்றியைப் பற்றிப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆலோசனைக்கென மருந்தாளுநருக்கு நகராட்சி தனியே ஊதியம் தந்தது. நம் கடைக்காரரின் வருவாயோ விற்கும் மாத்திரையின் விலையில் ஒரு பங்கு. ஒரே மருந்து இருமுறை எழுதப்பட்டதைக் கண்டுபிடித்து ஒரு பட்டையைத் திருப்பி வைப்பவர், தம் வருவாயையும் திருப்பி வைக்கிறார். மதிப்பீட்டில் உயர்ந்த இடம் பெறும் கடைகளுக்கு மாநில அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் ஆலோசனைப் பணியை ஒப்படைத்து, சந்திப்புக்கு இவ்வளவு என ஒரு சிறு தொகை தரலாம். அத்தொகையை முடிவு செய்வதற்கு முன்பு, பெங்களூருவின் ஒரு பகுதியில் ஐம்பது கடைகளில் ஆறு மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை சந்திப்புகளில் மருத்துவரை அழைக்க நேர்ந்தது, எத்தனை அழைப்புகளுக்கு மருத்துவர் விடையளித்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட எவ்வளவு குறைவு என்பதைப் பொறுத்தே, அடுத்த பயிற்சி வகுப்பை மருந்தாளுநருக்கு மட்டும் நடத்துவதா, மருத்துவரையும் அழைப்பதா என்று தீர்மானிக்க முடியும்.